லீடாவும் இஸ்மீனேயும்: நம்ம பக்கத்துப் பூச்சி ஒன்றின் இரண்டு பெயர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடியிருப்பவர்கள் இந்தப் பூச்சியைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். ட்யூப்லைட்டில் இரண்டு முறை முட்டும். அப்புறம் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். பழுப்பு நிறம், விரித்தால் இரண்டரை, மூன்று அங்குலம். "அந்துப்பூச்சி வந்துடுச்சு, லைட்டை ஆஃப் பண்ணு" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அது அந்துப்பூச்சி இல்லை, வண்ணத்துப்பூச்சி. உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகளை முதுகுக்கு மேல் சேர்த்து நிமிர்த்தி வைத்திருக்கும். உணர்கொம்பின் நுனி லேசாகத் தடித்திருக்கும். இந்த இரண்டும் வண்ணத்துப்பூச்சியின் அடையாளம். ஆங்கிலத்தில் காமன் ஈவினிங் பிரவுன். இந்தக் கட்டுரைக்கு நான் 'அந்திப் பழுப்பு' என்று வைத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் சருகுகளுக்குள் கிடந்துவிட்டு, பொழுது சாயும்போது கிளம்புகிற பூச்சி. பூக்களைத் தேடிப் போவது அபூர்வம். அழுகிய பழமும் மரத்தில் வடியும் சாறும்தான் இதற்குப் பிடித்த சாப்பாடு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மழைக்காலத்தில் பிடித்துப் பார்த்தால் இறக்கையின் அடிப்பக்கம் முழுக்கக் கண் கண்ணாக இருக்கும். முன்னிறக்கையில் நான்கு, பின்னிறக்கையில் ஆறு. நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிக் கறுப்பு, அதற்கு வெளியே மஞ்சள் வளையம். அதே தெருவில் வறட்சி நாட்களில் பார்த்தால் கண்கள் காணாமல் போயிருக்கும், அல்லது ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். முன்னிறக்கையின் நுனி கொக்கி போல வளைந்து, நிறமும் காய்ந்த இலை மாதிரி மாறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே பூச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

விஞ்ஞானிகளும் அப்படிச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு மேல் இதற்கு இரண்டு பெயர் இருந்தது.

ராணி ஒருத்தி, இளவரசி ஒருத்தி

1758-ல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பில் ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு லீடா என்று பெயர் வைத்தார். வண்ணத்துப்பூச்சிகளுக்குக் கிரேக்கப் புராணப் பாத்திரங்களின் பெயரை வைப்பது அவர் வழக்கம். லீடா ஸ்பார்ட்டாவின் ராணி. 1775-ல் டச்சுக்காரர் பீட்டர் கிராமர், வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் வண்ணப்படங்களோடு வெளியிட்ட தன் பெரிய நூலில் இன்னொன்றுக்கு இஸ்மீனே என்று பெயர் கொடுத்தார். இஸ்மீனே, ஈடிபஸ் ராஜாவின் மகள், ஆண்டிகனியின் தங்கை. பிற்காலத்தில் கண்புள்ளி உள்ளதை லீடா என்றும், சருகு மாதிரி இருப்பதை இஸ்மீனே என்றும் சொல்லும் வழக்கம் நிலைத்தது.

இவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. அன்றைக்குப் பூச்சி ஆராய்ச்சி எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஊர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். லின்னேயஸிடம் படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். அது டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். அங்கே மருத்துவர் வேலை, கூடவே செடி, பூச்சி சேகரிப்பு. பிறகு ஆற்காடு நவாபிடம் வேலை பார்த்தார். 1778 முதல் மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளர். 1785-ல் காக்கிநாடா பக்கம் இறந்துபோனார். அவர் சேகரித்த பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின. லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரீசியஸ் அவற்றைப் பார்த்துப் பெயர் வைத்தார்.

சோழமண்டலக் கரையிலிருந்து பெட்டி கோபன்ஹேகன் போய்ச் சேர மாதக்கணக்காகும். பெட்டியைத் திறந்து பார்ப்பவர் கையில் இருப்பது இறக்கை விரித்து ஊசி குத்தப்பட்ட ஒரு சடலம். எந்த மாதம் பிடித்தது, அன்று மழையா வெயிலா, அதன் புழு என்ன தின்றது என்ற தகவல் கூட வருவது அரிது. இறக்கை வேறாக இருந்தால் இனமும் வேறு. அந்தப் பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு வேறு முடிவுக்கு வர முடியாது.

ஐரோப்பாவிலேயே இந்தக் குழப்பம் இருந்தது. அங்கே ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி வசந்த காலத்தில் ஆரஞ்சாகவும், கோடையில் கறுப்பு வெள்ளையாகவும் வரும். லின்னேயஸ் அதே 1758 நூலில் ஒன்றுக்கு லெவானா என்றும் மற்றதற்கு ப்ரோர்சா என்றும் பெயர் வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்துப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று உறுதியானது. 1864-ல் டார்ஃப்மைஸ்டரும், 1875-ல் ஆகஸ்ட் வைஸ்மானும் அந்தப் பூச்சியின் கூட்டுப்புழுக்களைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து, நிறம் மாறுவதைப் பற்றி எழுதினார்கள்.

குமாஸ்தா வளர்த்த புழுக்கள்

இந்தியாவில் இந்த முடிச்சை அவிழ்த்தவர் பேராசிரியரோ மியூசியத்து அதிகாரியோ இல்லை. லயனல் டி நிசேவில் 1852-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர். 1870-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தாவில் அரசு அலுவலகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். 1880-களில் ஓய்வு நேரம் முழுவதும் வண்ணத்துப்பூச்சிகளுக்குத்தான் போனது. ஜி.எஃப்.எல். மார்ஷல் என்ற ராணுவ அதிகாரியோடு சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கை வண்ணத்துப்பூச்சிகள் பற்றி ஒரு பெரிய நூலைத் தொடங்கினார். முதல் தொகுதியின் வெளியீடு 1882-ல் ஆரம்பித்தது.

பட்டியல் போடுகிறவருக்கு ஒரு விஷயம் உறுத்தும். சில பழுப்புப் பூச்சிகள் ஜோடி ஜோடியாக வருகின்றன. ஜோடியில் ஒன்றுக்குக் கண் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. கண் உள்ளது மழையில் பறக்கிறது, கண் இல்லாதது மழை நின்ற பிறகு பறக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரே வாரத்தில் கொட்டிக் கிடப்பதில்லை. இனம் இரண்டு என்றால், ஒன்று பறக்கும்போது மற்றது எங்கே போகிறது?

லண்டனில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி வராது. வந்தாலும் பதில் கிடைக்காது. கல்கத்தாவில் இருந்தவருக்கு வழி இருந்தது. பெண் பூச்சியைப் பிடித்து, புல்லோடு அடைத்து, முட்டையிட வைத்து, புழுவை வளர்த்து, என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பது. டி நிசேவில் அதைத்தான் செய்தார். 1886-ல் ஏசியாடிக் சொசைட்டி ஆஃப் பெங்கால் இதழில், கல்கத்தாவின் சில பழுப்பு வண்ணத்துப்பூச்சிகளின் வாழ்க்கை வரலாறு பற்றி அவர் கட்டுரை வந்தது. லீடா–இஸ்மீனே மாதிரியான ஜோடிகள் இரண்டு இனங்கள் இல்லை, ஒரே இனத்தின் மழைக்கால உடையும் வறட்சிக்கால உடையும்தான் என்பது இந்த வளர்ப்பு வேலையால் நிலைபெற்றது.

ஒரு புட்டியும், கொஞ்சம் புல்லும், பொறுமையும் இருந்தால் செய்யக்கூடிய சோதனை. நூறு வருடத்துப் பெட்டிகள் சொல்லாததை அது சொல்லிவிட்டது.

அப்புறம் விஷயம் சீக்கிரம் பரவியது. 1890-லிருந்து லண்டனில் வரத் தொடங்கிய ஃப்ரெடரிக் மூரின் 'லெபிடாப்டெரா இண்டிகா' வரிசையில் மழைக்கால ஈடு, வறட்சிக்கால ஈடு என்ற தலைப்புகளிலேயே படங்கள் வந்தன. 1905-ல் பிங்கம் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூலின் வண்ணத்துப்பூச்சித் தொகுதியும் இரண்டு வடிவங்களையும் ஒரே இனத்தின் கீழ் வைத்து விவரித்தது. பெயர் விதிப்படி முந்தியது ஜெயிக்கும். 1758 முந்தியது என்பதால் இனத்தின் பெயர் மெலனிடிஸ் லீடா என்று நின்றது.

டி நிசேவிலுக்கு 1901-ல் இந்திய அரசின் பூச்சியியலாளர் பதவி கிடைத்தது. வாழ்நாளெல்லாம் ஓய்வு நேரத்தில் செய்த வேலை கடைசியில் சம்பள வேலையானது. அந்த வருடம் டிசம்பரிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். வயது 49.

வயலில் அதன் பெயர் கொம்புப்புழு

இந்தப் பூச்சிக்கு நம் பக்கத்தில் இன்னொரு முகம் உண்டு. அதன் புழு புல் தின்னும். நெல்லும் புல் குடும்பம்தானே. பச்சை உடம்பு, தலையில் இரண்டு கொம்பு, வாலில் இரண்டு கூர்முனை. நெல் இலையின் ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே போகும். வேளாண் நூல்களில் இதற்கு நெல் கொம்புப்புழு என்று பெயர். பெரிய சேதம் செய்கிற பூச்சி இல்லை, சில்லறைப் பூச்சிகளின் பட்டியலில் வரும். அறிவியல் பெயரைப் பாருங்கள்: மெலனிடிஸ் லீடா இஸ்மீனே என்று போட்டிருக்கும். பழைய இரண்டு பெயரும் ஒரே வரியில் உட்கார்ந்திருக்கும். இஸ்மீனே தனி இனம் இல்லை என்று ஆன பிறகும், ஆசிய வகையைக் குறிக்கும் துணைப்பெயராக அது ஒட்டிக்கொண்டது.

வயலில் நிற்பவர் கண்ணில் படுவது புழு. மியூசியத்தில் இருப்பவர் கண்ணில் படுவது இறக்கை. இரண்டுக்கும் நடுவில், இலைக்கு அடியில் பச்சையாகத் தொங்குகிற கூட்டுப்புழு. இந்த மூன்றையும் ஒருவர் தொடர்ந்து பார்த்தால்தான் கதை முழுசாகும்.

அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், ஆவடியை ஒட்டிய பருத்திப்பட்டு, பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம் என்று இந்தப் பகுதி முழுக்க ஏரிகள். ஏரிக்குக் கீழே வயல். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் உண்டு. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரியிலிருந்து அடுத்த வருடம் நவரை அறுவடை வரைக்கும் எங்காவது ஒரு துண்டு நெல் பச்சையாக நிற்கும். முட்டையிலிருந்து இறக்கை முளைக்க ஒரு மாதம் சொச்சம் போதும் என்கிற பூச்சிக்கு, இது வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் சத்திரம்.

சுதந்திரத்துக்குப் பிறகு காட்சி மாறியது. 1949-ல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு, சோஷலிச மாதிரி சமுதாயம் என்ற தீர்மானம். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி. ஆலை வந்தது, வேலை வந்தது, வேலைக்கு வந்தவர்களுக்கு மனை தேவைப்பட்டது. வயல் மனையாகி, மனை வீடாகி, 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2019-ல் ஆவடியே தனி மாநகராட்சியானது.

நெல் போன பிறகும் பூச்சி போய்விடவில்லை. சோளம், கேழ்வரகு, கரும்பு, பலவகைக் காட்டுப்புல் என்று எதிலும் அதன் புழு வளரும். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில், யாரோ வாங்கிப் போட்டுவிட்டுப் போன காலி மனை இருக்கிறதே, அதில் மழைக்கு இடுப்புயரம் வளர்கிற புல்தான் இப்போது அதன் சம்பா.

கண் எதுக்கு, சருகு எதுக்கு?

ஒரே பூச்சி ஏன் இரண்டு சட்டை போட வேண்டும்? 1890-ல் ஆக்ஸ்ஃபோர்டின் எட்வர்ட் போல்டன், விலங்குகளின் நிறங்கள் பற்றிய தன் நூலில், இறக்கை ஓரத்துப் புள்ளிகள் எதிரியின் தாக்குதலைத் திசைதிருப்ப உதவும் என்று எழுதினார். இறக்கை ஓரம் கிழிந்தாலும் பூச்சி பிழைத்துக்கொள்ளும். தலையோ உடம்போ சிக்கினால் கதை முடிந்தது. 1984-ல் பால் பிரேக்ஃபீல்டும் டோர்பன் லார்சனும், வெப்ப நாட்டு வண்ணத்துப்பூச்சிகளின் இரு பருவ வடிவங்கள் பற்றி எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தது. லார்சன் நீலகிரி வண்ணத்துப்பூச்சிகள் பற்றி விரிவாக எழுதியவர். பிரேக்ஃபீல்ட் 1987-ல் நம் மெலனிடிஸ் லீடாவைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார்.

மழைக்காலத்தில் எல்லாம் பச்சை. பழுப்புப் பூச்சி எப்படியும் கண்ணில் படும். ஒளிய முடியாதபோது ஏமாற்றுவது நல்லது, அதற்குக் கண். வறட்சியில் தரையெல்லாம் சருகு. அங்கே அசையாமல் கிடந்தால் யாருக்கும் தெரியாது. அப்போது கண்புள்ளி ஒரு தொல்லை, காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சோதிக்க பிரேக்ஃபீல்ட், அந்திப் பழுப்பின் ஆப்பிரிக்க உறவுக்காரப் பூச்சி ஒன்றை எடுத்தார். பெயர் பைசைக்ளஸ் அனினானா. அதுவும் பழுப்பு, அதற்கும் கண்புள்ளி, அதற்கும் இரண்டு சட்டை. 1988-ல் மலாவி நாட்டிலிருந்து கொண்டுவந்த பெண் பூச்சிகளோடு ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் வளர்ப்பு தொடங்கியது. இன்று உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்களில் அதன் வாரிசுகள் இருக்கின்றன. புழுக்களைச் சுமார் 27 டிகிரியில் வளர்த்தால் பெரிய கண், 20-க்குக் கீழே வளர்த்தால் கண் சுருங்கிவிடும். புழுப் பருவத்தின் கடைசியில் உள்ள வெப்பம், எக்டைசோன் என்ற ஹார்மோனின் அளவை மாற்றுகிறது. அந்த ஹார்மோன்தான் கண் பெரிதாவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறது. 1996-ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை, பூச்சிகளின் கால் உருவாவதற்குப் பயன்படும் டிஸ்டல்-லெஸ் என்ற மரபணு, இறக்கையில் கண்புள்ளியின் மையத்திலும் வேலை செய்வதைக் காட்டியது. கால் செய்கிற கருவியையே எடுத்துக் கண் வரையவும் பயன்படுத்தியிருக்கிறது இயற்கை.

2015-ல் கேத்லீன் ப்ரூடிக்கும் கூட்டாளிகளும் இந்தப் பூச்சிகளைக் கும்பிடுபூச்சிகளோடு விட்டுப் பார்த்தார்கள். பெரிய கண் உள்ளவற்றை அவை சுலபமாகக் கண்டுபிடித்தன, ஆனால் இறக்கை ஓரத்தைத்தான் பிடித்தன. பூச்சி தப்பித்து முட்டையும் இட்டது. கண் சிறுத்தவை கண்ணில் பட்டால் பிழைப்பது கஷ்டம், ஆனால் அவை கண்ணில் படுவதே குறைவு. போல்டன் எழுதி 125 வருடம் கழித்து வந்த பதில்.

மலாவி வேறு, மெட்ராஸ் வேறு

இங்கேதான் நம் ஊர் விஷயம் சூடு பிடிக்கிறது. மலாவியில் மழைக்காலம் என்பது வெப்பமான காலம். மழை ஓய்ந்ததும் குளிர் வரும். அதனால் "சூடு குறைந்தால் வறட்சி வருகிறது, சருகுச் சட்டையைப் போடு" என்ற கணக்கு அங்கே சரியாக வரும்.

சென்னையில் வருட மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அது வெப்பம் இறங்குகிற காலம். மே மாதம் வெயில் 37, 38 டிகிரி, தரையெல்லாம் காய்ந்து கிடக்கும். அதாவது நம்ம ஊரில் சூடு என்றால் வறட்சி, குளிர்ச்சி என்றால் மழை. மலாவிக் கணக்கை அப்படியே இங்கே போட்டால் பூச்சி மழையில் சருகுச் சட்டையும் வெயிலில் கண் சட்டையும் போட்டுக்கொண்டு திரிய வேண்டும்! ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இந்தச் சிக்கல் உண்டு. 1999-ல் ரோஸ்காமும் பிரேக்ஃபீல்டும் எழுதிய கட்டுரையின் தலைப்பே, வெவ்வேறு தட்பவெப்பத்துக்கு வெவ்வேறு அறிகுறி வேண்டும் என்பதுதான்.

லைடனில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. டி நிசேவில் காலத்து நிலைமைதான்: பூச்சி எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவர்தான் பார்க்க வேண்டும். இந்த முறை பூச்சி இருப்பது கொரட்டூரிலும் திருமுல்லைவாயலிலும்.

செய்வது சுலபம். வீட்டுக்குள் வந்தால் இறக்கையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, கூடவே தேதி, இடம். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி தளத்தில் போட்டுவிடுங்கள். ஒரு படத்தால் ஒன்றும் ஆகாது. ஒரே தெருவிலிருந்து பன்னிரண்டு மாதப் படங்கள் இருந்தால், கண் எப்போது பெரிதாகிறது, எப்போது சுருங்குகிறது என்று கோடு போட்டுப் பார்க்கலாம். இன்னும் ஆர்வம் இருந்தால் மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் விதைநெல் தூவி வையுங்கள். இலையில் கொம்பு வைத்த பச்சைப் புழு தென்பட்டால் மருந்தடிக்காமல் வலை போட்டு மூடி, வெளியே வருவது லீடாவா இஸ்மீனேயா என்று தேதியோடு எழுதி வையுங்கள். அன்றன்றைய வெப்பநிலையும் மழையும் வானிலை மையத்திலிருந்து கிடைக்கும்.

காலி மனைப் புல்லை ஜேசிபி வைத்துச் சுரண்டுவதும், மூலையில் குவிந்த சருகைக் கொளுத்துவதும் இங்கே வாராவாரம் நடக்கிற வேலை. பாம்பு பயம், கொசு பயம், எல்லாம் நியாயமான பயம்தான். ஆனால் புல் மழைக்காலப் பூச்சியின் தொட்டில், சருகு வறட்சிக்காலப் பூச்சியின் வீடு. இரண்டில் ஒன்று போனால் போதும், வருடச் சக்கரம் அறுந்துவிடும். பின்பக்கம் ஒரு மூலையில் கொஞ்சம் புல்லையும், மரத்தடியில் கொஞ்சம் சருகையும் விட்டு வைக்க இடம் இருப்பவர்கள் விட்டு வையுங்கள். மாசியில் அந்தச் சருகைக் காலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். அதில் ஒன்று எழுந்து பறந்தால், அதுதான் இஸ்மீனே.